கொக்கு கால் ஊன்றும் நேரம்

திருவள்ளூரில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து நாங்கள் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். வாசலில் கம்பெனிப் பலகை மாட்டியிருந்தோமே தவிர, ஆட்கள் மூன்று பேர்தான். பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த முதலாளி, புரோகிராம் எழுத மீஞ்சூரிலிருந்து வரும் ஒரு பெண், படம் வரைய நான். கீழே இருந்தது முதலாளியுடைய அப்பாவின் கடை. மாடி சும்மா கிடந்ததால் மகனுக்குக் கொடுத்திருந்தார். லோடு வரும் நாட்களில் டைல்ஸ் பெட்டிகளை இறக்கும் சத்தத்தில் எங்கள் மேசைகள் அதிரும்.

எனக்கு வீடு கவரைப்பேட்டையில். அங்கிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் வரவேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய், இறங்கி, அரக்கோணம் வண்டி பிடிக்க வேண்டும். மீஞ்சூர்க்காரி தினமும் அப்படித்தான் வந்தாள். நான் முடியாமல் மணவாள நகரில் ஒரு ஒற்றை அறை எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் முதலாளி எனக்குக் கொடுத்த வேலை கேம் அல்ல. கேமைத் திறந்ததும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், கம்பெனியின் சின்னம் சில நொடிகள் அசைந்து மறையுமே, அதை வரையச் சொன்னார்.

"முதல்ல நமக்கு ஒரு மூஞ்சி வேணும்பா. கேம் அப்புறம் பண்ணிக்கலாம். தொறந்தவொடனே நம்ம பேரு வரணும். பாக்கறவன் நிமிந்து உக்காரணும்" என்றார்.

ரயில் வரைந்தேன், பிடிக்கவில்லை. புகைபோக்கி வரைந்தேன், எனக்கே பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது பொன்னேரி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே, ஒரு கம்பெனிச் சுவரை ஒட்டித் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரில், ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. மற்றக் காலை எப்போது கீழே வைக்கும் என்று பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதையே வரைந்தேன். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கொக்கு. மடக்கியிருந்த காலை மெல்லத் தண்ணீரில் ஊன்றுகிறது. வட்டம் வட்டமாக அலை விரிகிறது. அந்த வட்டங்கள் நெளிந்து எங்கள் கம்பெனியின் பெயராகின்றன. அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளுக்காக வாரக்கணக்கில் வரைந்தேன்.

அதற்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போய் ஏரிக்கரையில் போனை நீட்டிக்கொண்டு நின்றோம். திரும்பி வந்து கேட்டால் காற்றின் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம், கீழே கடையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மீஞ்சூர்க்காரி மாடிக் குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்துவைத்தாள்.

"நீ போன புடி. மூச்சு கூட வுடாத" என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நுழைத்தாள். பிறகு, அவள் என்ன நினைத்தாளோ, உதட்டைத் திறக்காமல் மெல்ல ஒரு "ம்" போட்டாள். பாட்டு என்று சொல்ல முடியாது. யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஆமாம் போடுவதுபோல ஒரு ம். முதலாளி அதைக் கேட்டுவிட்டு இரண்டு முறை திரும்பப் போடச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது.

கேமும் பிறகு வந்தது. ஏரியில் வலை வீசி மீன் பிடிக்கிற ஆட்டம். பிடித்த மீனை வேறு ஊரில் ஆடிக்கொண்டிருக்கிற நண்பருக்கு அனுப்பலாம். எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் ஆடினார்கள், அவர்களுடைய நண்பர்கள் சிலர் ஆடினார்கள், அதற்குமேல் பரவவில்லை. முதலாளிக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வீட்டில் என்ன கேட்டார்களோ, அவர் ஹைதராபாத்தில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டார், கிடைத்தது. அப்பாவுக்கும் சரக்கு வைக்க மாடி தேவைப்பட்டது. மீஞ்சூர்க்காரிக்கும் கல்யாணம் முடிவாகி, மாப்பிள்ளை கனடா என்றார்கள். கடைசி நாள் அவள் தன் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எதனா இருந்தா கூப்புடு" என்றாள். எதுவும் இல்லாததால் நான் கூப்பிடவில்லை.

மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை மட்டும் சில நாள் இருக்கச் சொன்னார். நான் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பேன். தினமும் டைல்ஸ் பெட்டிகள் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தன. முதலில் முதலாளியின் இடம் நிரம்பியது. பிறகு அவளுடைய இடம். பெட்டிகளின் மேல் குளியலறைச் சுவருக்கான பூப்போட்ட மாதிரிகள் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு மத்தியானச் சோறு சாப்பிடுவேன். ஒருநாள் காலையில் போனபோது என் நாற்காலியைப் படிக்கட்டில் எடுத்துவைத்துவிட்டு அந்த இடத்திலும் அடுக்கியிருந்தார்கள். "சொல்லலாம்னுதான் இருந்தோம்பா, லோடு சீக்கிரம் வந்துடுச்சி" என்றார் முதலாளியின் அப்பா. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வேறு வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் அந்தக் கொக்கைத்தான் காட்டினேன். காட்டுவதற்கு அதைவிட நல்லதாக என்னிடம் ஒன்றும் இல்லை. சென்னையில் ஒரு ஆபீசில் என் வயதே இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இதுக்கப்புறம் இன்னா வரும்?" என்று கேட்டார். கேம் வரும் என்றேன். "அத காட்டுங்க" என்றார். அதற்குள் சர்வரை நிறுத்திவிட்டிருந்தார்கள். கொக்கு காலை ஊன்றும், பெயர் வரும், பிறகு 'இணைக்கிறது' என்ற எழுத்தோடு திரை அப்படியே நிற்கும். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

அப்பாவிடமும் ஒருமுறை காட்டியிருக்கிறேன். அவர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆலை இரைச்சலில் காது பாதி போய்விட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கொக்கு சூப்பரா கீதுபா. சத்தம் எதனா வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "இன்னா சத்தம்?" என்றார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தண்ணீர்ச் சத்தம் என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே வேலை கிடைத்தது. பெயிண்ட் வாளிகளும் எண்ணெய் டப்பாக்களும் வார்க்கிற கம்பெனி. வாளியின்மேல் வரும் லேபிளை அளவுக்குத் தக்கபடி கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. மணவாள நகர் அறையைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த கொஞ்ச நாளில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவும் அப்பாவும் அரக்கோணத்துக்கு அவள் வீட்டுக்குப் போனார்கள். மூன்று மாதம் என்று போனவர்கள், அக்கா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அங்கேயே இருந்துவிட்டார்கள். கவரைப்பேட்டை வீட்டில் நான் மட்டும். கம்பெனியில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், குடும்பஸ்தர்கள். கேன்டீனில் பிள்ளைகளின் ஸ்கூல் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். முன்பு என்ன வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சில நாள், காலையில் டீக்கடையில் பேசியதற்குப் பிறகு, இரவு படுக்கும்வரை வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். அது எனக்கு ஒருநாள் திடீரென்றுதான் உறைத்தது.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை டீ நேரத்தில், கேன்டீனில் எனக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீரில் விரல் நுழையும் சத்தம், பிறகு அந்த ம்.

நான் கையில் டம்ளரோடு அப்படியே நின்றேன். முதலில் என் போன்தான் தவறுதலாகத் திறந்துகொண்டதோ என்று பையைத் தடவிப் பார்த்தேன். திரும்பினால், பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண் சுவரோரப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத் தொழிலாளி. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து கம்பெனி பஸ்சில் வருகிறவள் என்று பார்த்திருக்கிறேன். பேசியதில்லை.

மறுநாளும் அதே நேரம் அதே சத்தம். மூன்றாம் நாள் போய்க் கேட்டேன்.

"அது இன்னா கேம்மா?"

அவள் போனை மடியில் கவிழ்த்தாள். வேலை நேரத்தில் போன் பார்ப்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "டீ டைம்தான் சார்" என்றாள்.

"அதுக்கு இல்லமா. சும்மா கேட்டேன்."

"மீன் புடிக்கிற கேம் சார். இப்போ வர்றது இல்ல. இந்தக் கொக்கு மட்டும் வரும், அப்புறம் சுத்திக்கினே இருக்கும்."

"அப்புறம் எதுக்கு வெச்சிக்கினு கீறீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். அவளுடைய வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகில் ஒப்பந்தத்துக்குப் போயிருக்கிறார். கல்யாணமான புதிதில் இருவரும் இந்தக் கேமை ஆடியிருக்கிறார்கள். அவர் போன பிறகு, கரைக்கு வரும் நாட்களில் அங்கிருந்து மீன் அனுப்புவார், இவள் இங்கிருந்து அனுப்புவாள். பிறகு ஒருநாள் கேம் நின்றுபோனது.

"கடலுக்குப் போயிட்டா சிக்னல் இருக்காது சார். பத்து நாளு, பாஞ்சு நாளு பேச முடியாது. ஒருவாட்டி கரைக்கு வந்தப்போ அவர்தான் சொன்னாரு, இந்தக் கொக்குக்கு சிக்னல் வாணாம், நடுக்கடல்லகூட வருதுன்னு. நமக்கு டீ டைம்னா அங்க அவுங்களுக்கு நாஷ்டா நேரம். அந்த நேரத்துக்கு நான் இங்க தொறப்பேன், அவரு அங்க தொறப்பாரு. அவ்ளோதான்."

"போட்டோ பாக்கலாமே" என்றேன்.

"போட்டோவ பாத்தா அழுவ வருது. இத பாத்தா வர்ல" என்றாள்.

இதை நான்தான் வரைந்தேன் என்று அப்போது சொல்லவில்லை. வாய் வரை வந்தது. சொன்னால் அது அவர்களுடையதாக இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு டீ நேரத்தில் நான் உட்காரும் இடம் மாறியது. அவளுடைய பெஞ்சுக்குப் பக்கத்து மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். அந்த ம் கேட்டதும் எழுந்து வேலைக்குப் போவேன்.

சில மாதம் கழித்து ஒரு வாரம் முழுக்கச் சத்தம் வரவில்லை. அவள் வந்திருந்தாள், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"அவரு போனு கடல்ல வுழுந்துடுச்சி சார். வேற போனு வாங்கிக்கினாரு. இத அனுப்பிப் பாத்தேன், அதுல ஏற மாட்டேங்குதாம். பழசுன்னு சொல்லுதாம். நான் மட்டும் தொறந்து இன்னா பண்றது?"

அன்றைக்குத்தான் சொன்னேன். அந்தக் கொக்கை வரைந்த ஆள் நான்தான், அது எங்கள் கம்பெனி, திருவள்ளூரில் இருந்தது என்று. நம்புவாளா என்று பார்த்தேன். அவள் சந்தேகப்படவே இல்லை. வாளி லேபிள் வரைகிறவர் கொக்கும் வரைந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டாள் போல. "அப்போ அந்த கம்பெனிய ஏன் சார் மூடிட்டீங்க?" என்றுதான் கேட்டாள். டைல்ஸ் வைக்க இடம் இல்லை என்றேன். தலையாட்டினாள்.

ஹைதராபாத் முதலாளிக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தார். சாயந்திரம் கூப்பிட்டார். "அதெல்லாம் எங்க கீதுன்னே தெரிலபா. வுடு, எவன் அத பாக்கறான் இப்போ" என்றார். ஒருத்தர் பார்க்கிறார் என்றேன். அவரை அங்கே யாரோ கூப்பிட்டார்கள், வருகிறேன் என்றார். பிறகு, "நல்லாருக்கியா?" என்று கேட்டார்.

கனடா நம்பருக்கு மெசேஜ் போட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வேலை முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அனுப்பினேன். அவளுக்கு அங்கே காலை. மெசேஜுக்குப் பதில் வரவில்லை, உடனே போனே வந்தது.

"இன்னாபா, உயிரோட கீறியா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். நடுநடுவே ம் போட்டாள். அதே ம். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். "இன்னா, லைன் கட் ஆயிடுச்சா?" என்றாள். இல்லை என்று சொல்லி மீதியைச் சொன்னேன்.

"புரோகிராம் கோடு எங்கிட்ட கீது. லேப்டாப் மாத்தறப்போ எல்லாத்தையும் அழிச்சேன், இத மட்டும் அழிக்கல."

"ஏன்?"

"தெர்ல. எடம் கம்மியாதான் புடிக்குது" என்றாள். பிறகு, "கொக்கு முடிஞ்சதுக்கப்புறம் இன்னா வரணும்னு அந்தப் பொண்ண கேளு. சும்மா சுத்திக்கினே இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

மறுநாள் கேட்டேன். பேக்கிங் பெண் யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் வாணாம் சார். அதுவே மூடிக்கினா போதும்."

அந்த வார இறுதியில் ஃபைல் வந்தது. கேமை எல்லாம் கழற்றிவிட்டு, கொக்கும் அலையும் பெயரும் மட்டும். முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். கேன்டீனில் அவளுடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவள் அதை அவருக்கு அனுப்பினாள். படகு கரைக்கு வந்ததும், ஃபைல் போனில் இறங்கிவிட்டது என்று பதில் வந்ததாம். அடுத்த நாள் டீ நேரத்தில் பழையபடி சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்து, சரியாகிவிட்டது என்பதுபோலக் கையைக் காட்டினாள். அன்று முழுக்க ஒரு லேபிளைக்கூடத் தப்பாக வைக்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். அவ்வளவு சந்தோஷம்.

மழைக்காலம் முடிந்ததும் அவளுடைய வீட்டுக்காரரின் ஒப்பந்தமும் முடிந்தது. ஊர் வந்து சேர்ந்தார். அவள் ஒரு வாரம் லீவு போட்டாள். பிறகு ஒருநாள் கணக்கு முடித்துக்கொள்ள வந்தாள், கூடவே அவரும். வெயிலில் காய்ந்து கறுத்த, என்னைவிடச் சின்ன ஆள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, செக்யூரிட்டியிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏரிலயே தொழில் பண்ணலாம்னு கீறேன் சார். திரும்பி போறதா இல்ல" என்றார். நல்லது என்றேன். ஒரு பையில் கருவாடு கொடுத்தார்.

அவள்தான் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "சார், அந்தக் கொக்க எடுத்துட்டோம். ரெண்டு போன்லயும். தப்பா நெனச்சிக்காதீங்க. இப்போ அத பாத்தா அவரு இங்க இல்லாத மாதிரியே இருக்குது."

"அதனால இன்னாமா" என்றேன். அவர்கள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்து போனார்கள். லாரிகள் போகும் ரோடு. அவர் அவளை உள்பக்கமாக நகர்த்தி நடக்கவைத்தார்.

நான் உள்ளே வந்து மிச்ச வேலையைப் பார்த்தேன். டீ நேரத்தில் அந்த மேசையில் போய் உட்காரவில்லை. கருவாட்டுப் பை நாறுகிறது என்று பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னதால், அதைச் சைக்கிள் ஸ்டாண்டில் கொண்டுபோய் மாட்டினேன். அவருக்குப் பாதி தரட்டுமா என்று கேட்டேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். எப்படிச் சமைப்பது என்று வெகுநேரம் சொன்னார்.

சாயந்திரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது கனடாவிலிருந்து போன் வந்தது. கொக்கு அனுப்பியதிலிருந்து எப்போதாவது கூப்பிடுவாள். "அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்றாள்.

"வாணாம்னு எடுத்துட்டாங்க. ஊட்டுக்காரரு வந்துட்டாரு."

கேட்டதும் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். டைல்ஸ் கடை மாடியில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் குரல் இறங்கியது. அங்கே ஜன்னலுக்கு வெளியே எல்லாமே வெள்ளையாக இருக்கிறது என்றாள். காலையில் வீட்டுக்காரர் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட இன்னும் தெரியாது என்றாள். நான் ம் போட்டேன்.

கவரைப்பேட்டைக்குப் போகும் வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்றது. ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள்.

"வண்டி வந்துட்ச்சி போல. போ" என்றாள்.

"அடுத்தது வரும். நீ சொல்லு" என்றேன்.